இடப்பக்கக் கதிரை

செவ்வாய்க்கிழமை

படுக்கக் கட்டிலும் சமைக்கக் குசினியும் வைத்த எங்கள் வான் இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. நாளைக் காலை ரயிலடியில் இரண்டு சுற்றுலாப் பயணிகளை ஏற்றவேண்டும். பற்றரியில்தான் பிழை என்று நினைத்தேன். அது இருப்பது முன் இடப்பக்கக் கதிரைக்குக் கீழே. அது என் கணவரின் கதிரை. ஓட்டுகிறவள் நான். பக்கத்தில் இருந்து "பிரேக், பிரேக்" என்று கத்துகிறவர் அவர். லைசென்ஸ் அவருக்கு இல்லை.

"கதிரை சரியான பாரம். உனக்கு ஏலாது, பாஸ் வரட்டும்" என்றார். வான் திருத்துகிற பாஸ் கந்தளாயில் ஒரு கலியாண வீட்டில். வியாழன்தான் வருவாராம்.

நான் ஸ்பானரை எடுத்தேன். கதிரையைப் பூட்டியிருந்த நான்கு திருகாணிகளில் மூன்று உடனே கழன்றன. நான்காவது உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து திருகினேன். அதுவும் கழன்றது. கதிரையைத் தூக்கத்தான் ஏலவில்லை, அது உண்மை. அதனால் தூக்கவில்லை. கீழே அரிசிச் சாக்கைச் செருகி இழுத்து, கதவால் இறக்கினேன். முழங்காலில் தோல் போனது. போகட்டும். பற்றரி வயர்களைக் கழற்றி, முனையில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி பூட்டினேன். சாவியை ஒருமுறை திருகியதும் வான் உறுமியது.

"சரி, இனிக் கதிரையைத் திருப்பி வை."

"அது பாரம். எனக்கு ஏலாது. பாஸ் வரட்டும்."

"அப்ப நாளைக்கு நான் எங்க இருக்கிறது?"

"இதிலயே இருங்கோ."

கதிரை வீட்டு முன் விறாந்தையில் நிற்கிறது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதில்தான் இருக்கிறார். நாளைக்கும் அங்கேயே இருந்து "பிரேக், பிரேக்" என்று கத்தட்டும்.