கூரை போட்ட மரப்பாலமும் உன் பெயரும்

என் பிரியமுள்ள பெரியண்ணனுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குத்தான் முழங்கால் வலி. இப்போதெல்லாம், எழுந்துதான் ஆக வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டே எழுகிறேன்.

போன வாரம் நம் மரப்பாலம் இருந்த இடத்துக்குப் போயிருந்தேன். ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க்கு மேலே கான்கிரீட் மூடி போட்டுவிட்டார்கள். அதன்மேல் கார்கள் நிற்கின்றன. எதிர் அடுக்குமாடியில் குடிவந்திருக்கும் பெண் ஒருத்தி, "யாரத் தேடுறீங்க அங்கிள்?" என்றாள். பாலத்தை என்றேன். "இங்க பாலமா? அப்ப கீழ தண்ணி ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத் தன் கார் நின்ற தரையைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள்.

நான் போனதற்குக் காரணம் உண்டு. நம் மாதா கோவிலின் பொன்விழா மலர் வருகிறது. பாலத்தின் வரலாற்றை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். விழாக்குழுச் செயலாளர் லூர்து, இப்படி இருக்கலாம் என்று ஒரு வரியும் எழுதித் தந்தார்: 'தரமற்ற பெட்டி மரத்தால் கட்டப்பட்டிருந்ததால் வெள்ளத்தில் அழிந்தது.' அந்த மரத்தைக் கொண்டுவந்தவன் நீதானே அண்ணா? டீக்கடையில் உன் காதுபட ஊரார் சொன்னது, இப்போது அச்சிலும் ஏறப்போகிறது.

எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதினேன். மறுகரையில் இருந்த கோவிலுக்குப் போக நம் காலனிக்கு நேர்வழி இல்லை. ஆவடிப் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகளை நீ ஏலத்தில் எடுத்துவந்தாய். அவற்றில் கறுப்பு மையில் குடைப் படம் இருந்தது. "நனையக் கூடாதுன்னு அவனே வரஞ்சி அனுப்சிகீறான் பாரு" என்று சொல்லி, பாலத்தின் இரு பக்கமும் தட்டி அடைத்து, மேலே தகரக் கூரை போட்டாய். வெயிலுக்காக என்று நினைத்துக் காலனியே உன்னை வாழ்த்தியது. அந்தக் கூரையின் கீழ் பாலம் எத்தனையோ மழையைத் தாங்கியது.

பிறகு திருவிழாச் சப்பரத்தை உயரமாகச் செய்ய ஆசைப்பட்டார்கள். அது கூரையில் முட்டும், கூரையை எடுத்துவிடலாம் என்றார்கள். கூட்டத்தில் நீ ஒருவன்தான் எழுந்து தடுத்தாய். லூர்துவின் அப்பா சவரிமுத்து சிரித்தார்.

"நனஞ்சா இன்னா அண்ணாத்தே? கரைஞ்சி போவ நாங்க இன்னா வெல்லமா?"

"நீ கரைய மாட்ட சவரி. பலகை கரையும். கூரை உனக்குப் போட்டதில்ல, அதுக்குப் போட்டது."

"பலகைக்கு ஊடு கட்டிக்கினு கீறாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

கூரை போன பிறகு பலகைகள் ஊறின. மிதித்த இடமெல்லாம் அமுங்கியது. மிச்சத்தை அடுத்து வந்த வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளமும் உண்மைதான், அதுதான் என் சங்கடம். எப்படியும் அந்த மரம் போயிருக்குமோ? நீ சொன்னாய் என்பதால் மட்டும் நம்புகிறேனோ? மீந்த பலகையில் நீ அடித்துக் கொடுத்த அலமாரி என் அறையில் நிற்கிறது. எழுந்து போய்த் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருக்கிறது.

லூர்து படித்தார். கெட்டவர் இல்லை.

"வாத்யாரே, எங்க நைனாவும் பூட்டாரு, உங்க அண்ணனும் பூட்டாரு. திருவிழா நேரத்துல இது எதுக்கு? வெள்ளம்னு போட்டா முடிஞ்சிது. வெள்ளம் வந்து சண்ட போடாது பாருங்க."

"அப்ப, தரமற்ற பெட்டி மரம்?" என்றேன் மெதுவாக.

"அது சும்மா ஒரு இதுக்கு."

அந்த வரியை அவர் எடுக்கவில்லை. நான் என் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட எனக்கு எப்போது தெரிந்தது?

சில நாள் படுத்தே கிடந்தேன். பிறகுதான் தோன்றியது. மலரின் கடைசிப் பக்கங்கள் நினைவஞ்சலிக்கு உரியவை. குடும்பத்தார் தங்கள் இறந்தவர்களுக்கு எழுதுவதைக் குழு திருத்துவதில்லை. அதில் கைவைக்க இங்கே யாருக்கும் மனம் வராது. வரலாற்றுப் பக்கத்தில் இடம் கிடைக்காததை அதனால்தான் இங்கே உனக்கு எழுதுகிறேன். சவரிமுத்துவைக் குறை சொல்ல அல்ல. உயரமான அந்தச் சப்பரம் அழகாகத்தான் இருந்தது. நானும் தோள் கொடுத்தேன், நீயும் கொடுத்தாய்.

மலர் வெளியாகும் ஞாயிறன்று முழங்காலைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கமாட்டேன் அண்ணா. பூசைக்கு வந்து லூர்துவின் பக்கத்தில் உட்காருவேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்புவேன். அவர் பதிலுக்குக் கூப்பினாலும் கூப்பாவிட்டாலும், எழுதியதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

உன் கடைக்குட்டித் தம்பி,
ஆரோக்கியம்