ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

9 செப்டம்பர், திங்கள்

செபராங் ஜெயா, நில அளவை அலுவலகம். இன்று திரையில் எங்கள் தெரு வந்தது, தீவுப் பக்கத்து ஜெலுத்தோங். நகரத்தில் எங்கே தரை தாழ்கிறது என்று அறியச் செயற்கைக்கோள் ரேடார் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது. தாழாத வீடு பச்சைப் புள்ளி. தாழும் வீடு சிவப்பு.

வரிசை முழுக்கப் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

எங்கள் வீடு.

10 செப்டம்பர்

எப்படிச் சொல்வது? மே மாதம் ரயன் அண்ணனுக்கும் பிரமிளாவுக்கும் கல்யாணம். அவர்களுக்காகத்தான் வீட்டுக்கு மேல் மாடி கட்டத் தொடங்குகிறோம். தாழும் தரைமேல் மாடி கூடாது. மாடி இல்லையென்றால் இருவரும் சுங்கை பாக்காப்பில் வாடகை வீட்டில். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் – அம்மாவுக்கு அது வேறு கண்டம்.

14 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டேன். அப்பா கரண்டியை வைத்தார்.

"வருசத்துக்கு ஒரு செண்டிமீட்டரா? அப்ப என் பேரன் ஜன்னல் வழியாத்தான் வரணும்லா."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்துபோய் கொண்ட்ராக்டர் இர்வானிடம் வேலையை நிறுத்தச் சொன்னான்.

6 அக்டோபர்

சுவர்களில் விரிசல் இல்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் பச்சை. ஒரு சுவரில் பாதி மட்டும் தாழுமா?

21 அக்டோபர்

பிரமிளா வாடகை வீடு பார்த்துவிட்டாள். அம்மா என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். தரையை நான்தான் அழுத்துகிறேன் போல.

30 நவம்பர், சனி

நாளை திருவருகைக்காலம், கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரம், தொடங்குகிறது. அப்பா கார் போர்ச் கூரைமேல் ஏறிக் கிறிஸ்மஸ் குடிலுக்கு வண்ணம் அடித்தார். உள்ளே வைக்கும் சொரூபங்கள் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளோடு அலமாரிக்கு இறங்கிவிடும். தகரக் குடில் மட்டும் வருடம் முழுக்க மேலேயே. வாளி பிடிக்க நானும் ஏறினேன்.

அடியில் ஒரு தகரம். பின்னால் ஒன்று. பக்கத்தில் ஒன்று. நட்சத்திரம் தெரிய வேண்டுமென்று கூரை கிடையாது. மூன்று தகரமும் செங்குத்தாகச் சேரும் மூலை –

ரேடாருக்கு இதைவிடப் பளிச்சென்ற கண்ணாடி இல்லை. எங்கள் அலுவலக ஆட்கள் ரேடாருக்கு அடையாளமாக வேண்டுமென்றே செய்து வெளியில் நட்டு வைப்பது இதைத்தான்.

போர்ச்சின் இரும்புச் சட்டம் முன்பக்கம் தொங்கியிருந்தது.

"அப்பா, இது எப்ப இருந்து சாயுது?"

"எப்பவுமே கொஞ்சம் சாயும்லா. காத்துல பறந்துடக் கூடாதுன்னு வருசா வருசம் நான்தான் செங்கல் ஏத்துறேனே."

அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. சிவப்புப் புள்ளி இதுதான்; செங்கல் ஏற ஏறப் போர்ச் தொங்குகிறது. தாழ்வது வீடு இல்லை. குடில்.

12 டிசம்பர்

பொறியாளர் சுகுமாரன் வந்து தரை மட்டம், மண் எல்லாம் சோதித்தார்.

"தாராளமா கட்டுங்க. அந்தத் தகரக் கொட்டாய மட்டும் எறக்கிடுங்க."

கொட்டாய் என்றதற்காக அப்பா அவரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்று.

10 மே

தலைக்குமேல் காலடிச் சத்தம். அண்ணனுடையது கனம். அண்ணியுடையது வேகம். "ஓடாதீங்க" என்று அம்மா மேலே பார்த்துச் சொல்கிறாள் – ஓடட்டும் என்கிற குரலில்.

குடில் இப்போது மாடிக் கூரையில், புதுச் சட்டத்தில். செங்கல் இல்லாமல்.

"பச்சையா தெரியுதா?" என்கிறார் அப்பா, தினமும்.

இன்னும் நிறம் வரவில்லை. புதுப் புள்ளிக்கு ஒரு வருடப் படங்களாவது வேண்டும்.

இருக்கட்டும். நாங்கள் எங்கும் போவதாக இல்லை.