பிரிட்ஜில் வைத்த குழல்

தாராவி,
டிசம்பர் 3

வின்னிபெக்கில் இருக்கும் அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தங்கை செண்பகவல்லி, நான் மூவரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். என் பெருவிரலில் கட்டு போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்லச் செண்பகம்தான் எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு, அண்ணே. அப்பாவுக்குத் தெரியாது.)

போனில் நீ பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. மே மாதம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே வியர்வை சொட்ட ஈட்டி மரத்தைக் கடைந்து, துளை துளையாகச் சுருதி பார்த்து அனுப்பிய குழலை, "கீபோர்டோட சேரலப்பா, சுருதி கீழ நிக்கி, பொங்கல் விழாவுக்கு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிக்கிடுதேன்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். இருபத்தாறு வருடமாகக் குழல் செய்கிறேன், ஒருவர் வாயிலிருந்தும் இப்படி வந்ததில்லை. உனக்குத்தான் ஊதத் தெரியவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். (வைக்கவில்லை, எறிந்தார். ஸ்கிரீன் போச்சு.)

போன மாதம் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கிற வாசிம் பட்டறைக்கு வந்தான். உன் குழலுக்கு ஜோடியாகச் செய்ததை எடுத்து அவன் முன்னால் ஊதினேன். "சாச்சா, சுர் நீச்சே ஹை", சுருதி கீழே நிற்கிறது என்று அவனும் உன்னைப் போலவே சொல்கிறான். உன் கீபோர்டுப் பெட்டிதான் ஓட்டை என்று அவனோடு சண்டைக்குப் போன பிறகுதான் கையில் குழல் ஜில்லென்று இருப்பது உறைத்தது. உன் தங்கை காலையிலிருந்து அதைப் பிரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறாள். மரம் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோபத்தில் விடாமல் ஊதினேன். ஊத ஊதக் குழல் சூடேறி, சுருதி தானாக மேலே வந்து கீபோர்டோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் அவளைத் துரத்தினேன். (உங்க ஊர்க் குளிரில் குழல் எப்படிப் பேசும் என்று பார்க்கத்தான் வைத்தேன். குழல் குளிர்ந்தது, அப்பா கொதித்தார். கட்டையோடு லேபர் கேம்ப் முக்கு வரை ஓட்டம்.)

ஆக, என் வேலையில் தப்பில்லை, உன் ஊர்தான் தப்பு. மே மாத வெயிலில் ஏன் சுருதி பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்காதே. இத்துடன் வருவது அந்த ஜோடிக் குழல். எட்டு நாளாகப் பிரிட்ஜில் வைத்து வைத்து எடுத்துத் துளைகளைத் திருத்தினேன், அதில் கத்தி வழுக்கித்தான் விரல் போனது. "மாவுச் சட்டிய எங்கன வைக்க, உங்க தலையிலயா?" என்று உன் அம்மா தினமும் ஏசுகிறாள். (மாவும் புளிச்சது, அம்மாவும் புளிச்சாச்சு.)

ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடு. வாரம் ஒருமுறை குழலுக்குள் எண்ணெய்த் துணி விடு, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. விழாவை நேரலையில் காட்டுவார்களாமே, எனக்கு அதைப் பார்க்கவெல்லாம் நேரமில்லை, பட்டறையில் வேலை கிடக்கிறது. சாஸ்தா உன் பக்கத்திலேயே இருப்பார்.

உன் அப்பா,
இசக்கிதுரை

(அண்ணே, விழா தொடங்குகிற உங்க ஊர் சாயங்காலம் ஏழு மணி, இங்கே மறுநாள் காலை ஆறரை. அன்றைக்கு ஆறரையிலிருந்து ஏழரை வரை ஒரு மெஷினும் ஓடக்கூடாது என்று அப்பா நம் சந்தில் இருக்கிற பதினோரு பட்டறையிலும் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.)