வாசலில் கட்டாத வேப்பிலை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்துது. ஒப்புக்கொள்ள வேண்டிய அசிங்கம் ஒன்று: ஐம்பத்திரண்டு வயசில் பெண்டாட்டியின் முகப்பூச்சு க்ரீமைத் திருடிப் பூசிக்கொண்டேன். அதன் மேல் பவுடர். கண்ணாடியில் பார்த்தால் கூத்தில் பெண்வேஷம் கட்டினவன் மாதிரி. அதுவும் வசனம் மறந்தவன்.

காரணம்: விடிந்ததிலிருந்து முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிவப்பாய்ப் பொரி. மாலா சொன்னது: "அம்மை போட்டிருக்குங்க. வாசல்ல வேப்பிலை கட்டிட்டுப் பேசாம படுங்க."

எப்படிப் படுப்பது? சிதம்பரத்தில் கல்யாண வரவேற்பு, என் நகைச்சுவைப் பேச்சு. பத்திரிகையில் பேர் போட்டாச்சு. வேப்பிலை கட்டினால் பத்து நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது. கட்டவில்லை.

கிளம்பும்போது மாலா: "முடிஞ்சதும் நேரா வந்துடுங்க. செல்வி வீட்டுக்குப் போவாதீங்க."
"ஏன்?"
"ஏன்னா... வெயிலு."

வெயிலாம். செல்வி என் அக்கா பெண், சிதம்பரத்தில்தான் வீடு, அக்காவும் அவளோடுதான். அக்காவுக்கும் மாலாவுக்கும் ஏதோ தகராறு. விசாரிக்காமல் விடலாமா?

ஜூலை 7, திங்கள்

ஆபீசுக்கு லீவு. பொரி கொஞ்சம் அடங்கியிருக்கு.

நேற்று பேச்சுக்கு நல்ல கைதட்டல். பிறகு செல்வி வீடு. தகராறு எதுவும் இருப்பதாய்த் தெரியவில்லை. மீன் குழம்பு வைத்த செல்வியே மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். "சமைச்சவளே ஓடுறான்னா நான் எப்புடி சாப்புடுறது?" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அக்கா கூரையைப் பார்த்தாள், மாப்ள தண்ணீர் குடித்தார். கேசரி ஒரு வாய் செல்விக்கு என் கையால் ஊட்டினேன். தாய்மாமன் உரிமை.

வாங்க வேண்டியது: பல்பு, பூண்டு, மாலாவின் க்ரீம் (அவள் கவனிக்கும் முன்).

ஜூலை 24, வியாழன்

மழை வரும் போல, வரவில்லை.

அக்காவிடமிருந்து போன். மாலா எடுத்தாள், கேட்டாள், சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். செல்விக்கு ஜுரம், உடம்பெல்லாம் பொரி. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கு.

"அம்மைதானே, சரியாப்போவும்" என்றேன்.

"அவ ஒம்போது வாரம் முழுவாம இருக்காங்க."

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒம்போது வாரம். எனக்கு மட்டும் தெரியாது.

தெரிந்தவர்கள்: அக்கா, மாப்ள, மாப்ளயோட அம்மா, மாலா, கீழ் வீட்டுத் தையல்காரம்மா, பால்காரர். திருப்பாதிரிப்புலியூரில் எந்த வீட்டில் எந்தக் குக்கர் எத்தனை விசில் விடும் என்று சொல்கிற எனக்குத் தெரியாது.

மாலா: "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தாங்க. உங்க வாய்க்குப் பயந்துதான்."

நியாயம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி செல்விக்கு நாள் தள்ளினது காதில் விழுந்ததும், சொந்தக்காரக் கல்யாணத்தில் மைக் பிடித்து "அடுத்த விசேஷம் எங்க வீட்டு வளைகாப்பு" என்று அறிவித்தவன் நான். நாலு நாளில் ஒன்றுமில்லை என்று ஆனது. அப்புறம் ஒரு வருஷம் செல்வி எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஜூலை 26, சனி

சிதம்பரம். பஸ்ஸில் நின்றபடி. இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண். ரூபெல்லாவா இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்திருக்கு. இருமல், தும்மலில் ஒட்டும். பெரியவங்களுக்கு மூணு நாள் சமாச்சாரம், சில பேருக்குப் பொரிகூட வராது. முதல் மூணு மாசத்துக் கருவுக்குத்தான் ஆபத்து. கண், காது, இதயம். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "கர்ப்பத்துக்கு முன்னாடியே ஊசி போட்டிருந்தா தடுத்திருக்கலாம். இப்ப போடக்கூடாது." செல்வி படித்த பள்ளிக்கூடத்தில் அந்த ஊசி போடவில்லை.

வராந்தாவில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். பொரி, க்ரீம், பவுடர், கேசரி எல்லாம்.

"டேய் சேகரு, அம்மை போட்டவன் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதாடா? நாலு கொத்து வேப்பிலை கட்ட என்னடா கேடு உனக்கு?"

நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா அக்கா. கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், கோழை.

ஜூலை 31, வியாழன்

ரிசல்ட் வந்தது. அதேதான்.

மாப்ள போனில்: "யோசிச்சு சொல்லச் சொல்றாங்க மாமா. வச்சுக்கிட்டா ரிஸ்க் ஜாஸ்தியாம். வேணாம்னா சீக்கிரம் சொல்லணுமாம். செல்வி பேசவே மாட்டேங்குறா."

ஆபீசில் ஃபைலைத் தலைகீழாய் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், என் வழக்கமான சேட்டை என்று.

ஆகஸ்ட் 4, திங்கள்

யோசிக்கவே விடவில்லை. நேற்று காலையில் உதிரப்போக்கு, மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மாலாவோடு போனேன். அக்கா என்னைத் தாண்டி மாலாவிடம் மட்டும் பேசினாள். செல்வி கட்டிலில், சுவர் பக்கம் திரும்பி. பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருஷமாய் வாயால் பிழைக்கிறவன், போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

அவளே திரும்பினாள். கோபம் எதுவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"மாமா, இத மேடைல சொல்லிடாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் மாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடத்தில் அழுதேன். முன் சீட்டுக் குழந்தை என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சுகாதார நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். செல்வி கூட யார் யார் பழகினது, யாருக்குப் பொரி வந்தது என்று பட்டியல். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தூக்கினேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்கு மூணு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். குடை ஆபீசில்.

ரத்த ரிசல்ட்டை வாங்கப் போனேன். டாக்டர் ரெண்டு தடவை படித்தார். "உங்களுக்கு ரூபெல்லா வந்ததே இல்ல சார். இப்பவும் இல்ல, எப்பவும் இல்ல. வந்திருந்தா ரத்தத்துல தடம் இருக்கும்."

"அப்ப என் பொரி? செல்விக்கு யாருகிட்டேர்ந்து?"

"அவுங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு ஏதோ அலர்ஜி. பொரி வந்ததுக்கு முந்தின நாள் என்ன சாப்ட்டீங்க?"

இறால் தொக்கு. ரெண்டு தட்டு.