டி டிரைவில் இருந்தவை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விண்டோஸ் மெதுவாக ஓடுகிறதென்று, பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். டி டிரைவில் இருப்பது அழியாது என்று நம்பினேன். ஃபார்மட் போடும் கடைக்காரர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். ஆனால் டிஸ்க் முழுவதும் அழிந்துவிட்டது. ஷூ கம்பெனிக்காக அப்பா வரைந்த, தோலை வெட்டுவதற்கான பேட்டர்ன்கள் அதில்தான் இருந்தன. நாளை அவற்றைப் பார்க்க, ஷூக்களை வாங்கும் பையர் வருகிறார்.

வேலை முடிந்து வந்த அப்பா புதுத் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, ஜோரா மாத்திட்ட! என் பேட்டர்ன்லாம் இருக்குதுல்ல?"

"டி-லதானப்பா வெச்சிருந்தீங்க?"

"ஆமா. டி-ல இருக்கறது அழியாது, அப்ப பேஜாரில்ல. காலைல இதுல ஏத்திக் குடுத்துடு" என்று பென் டிரைவை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இப்போது எழுப்பினால் விடிவதற்குள் ஒன்றிரண்டையாவது மறுபடி வரைந்துவிடுவார். காலையில் சொன்னால் அதுவும் முடியாது. எழுப்பத்தான் போகிறேன்.