மயோன் மலைக்கு ஒரு டூர் பிளான்

ஆலன், டெக்சாஸ்
சித்திரை, வெள்ளிக்கிழமை

வான்மதியின் அப்பாவுக்கு,

மரகதம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வான்மதியும் நலம். கோபியில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? கோபத்தில் பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது. அதனால்தான் கோவைக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு முகுந்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். சரி, பேசவில்லை. இது டூர் பிளான். இத்தனை வருஷமாக நீங்கள் பிளான் போட்டீர்கள், நான் புளிசாதம் கட்டினேன். இந்தத் தடவை பிளானும் நான்தான்.

ஊர், பிலிப்பைன்ஸில் அல்பாய் மாகாணம். அங்கே மயோன் என்று ஒரு எரிமலை. களத்தில் நெல்லைக் குவித்து வைத்த மாதிரி எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே வடிவம். விடிந்ததும் பார்த்துவிட வேண்டும், வெயில் ஏறினால் மேகம் மூடிக்கொள்ளுமாம். இருட்டோடு எல்லோரையும் எழுப்பி வேனில் ஏற்றுகிற ஆள் நம் வீட்டில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்து கக்ஸாவா. நீங்கள் கடைசியாக எனக்கு அனுப்பிய படம் அந்த ஊர் மணிக்கூண்டுதான். இருநூறு வருஷத்துக்கு முன் மலை வெடித்து, தேவாலயம் புதைந்து, மணிக்கூண்டு மட்டும் வெளியே நிற்கிறது. இந்த மலை அடியிலா மங்கள காரியம் என்று கீழே எழுதியிருந்தீர்கள். நம் வான்மதி விரும்பும் ஜோயலுக்கு அதுதானே சொந்த ஊர், அவன் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். பிழைத்தவர்கள் பக்கத்து மேட்டில் குடியேறி, திரும்ப நெல் விதைத்தார்களாம். மேட்டின் மேல் எரிமலைக் கல்லில் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதையும் பார்க்கிறோம்.

எரிமலை என்றால் பயமா உங்களுக்கு? யெல்லோஸ்டோனில் வான்மதியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, இப்போ நாம நிக்கறதே எரிமலை மேலதான் கண்ணு என்று பெருமையடித்தது யார்? திருவண்ணாமலையில் அக்னி மலையைச் சுற்றியவர்கள்தானே நாம்?

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயை அள்ளிப் போட்டுச் சமைக்கிறார்கள். மிளகாய் ஐஸ்கிரீம்கூட உண்டாம். நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் காரமே இல்லை என்று சொல்வதை நான் பார்க்க வேண்டும்.

அந்த மலைக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு தலைவனின் மகள் வேற்றூர்க்காரனை விரும்பினாளாம். அப்பா சம்மதம் சொல்லிவிட்டார். பொறாமை பிடித்த வேறொருவன் சண்டையிழுத்ததில் அவள் செத்துப்போக, புதைத்த இடத்தில் மலை எழுந்ததாம். அந்தக் கதையில்கூட அப்பா குறுக்கே நிற்கவில்லை.

ஜோயல் நர்ஸ் வேலை பார்க்கிறான் என்றீர்கள். போன வருஷம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது டாலஸ் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டவரும் நர்ஸ்தான். சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை என்ன குலம், எந்தக் கூட்டம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று கத்தினீர்கள். மயோன் கூட்டம் என்று சொல்லுங்கள். ஜோயலின் அப்பாவால் இனி நீண்ட தூரம் பறக்க முடியாது, அதனால் நாம் போகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

கோவையிலிருந்து உங்களுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. கேன்சல் பண்ணினால் பணம் திரும்ப வராது. உங்கள் குணம் தெரிந்துதான் அப்படிப் போட்டேன்.

நீங்கள் வராவிட்டாலும் வைகாசி முகூர்த்தம் நிற்காது. இதில் என் மனசு மாறாது. தாரை வார்க்கும்போது அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்பா மகள் கையை ஏந்த வேண்டும். ரெண்டையும் நீயே பண்ணிடு மம்மி என்று வான்மதி சொன்னாள். நேற்று சமையலறை சிங்க்கில் பழகிப் பார்த்தேன். இடது கையில் அவள் கை, வலது கையில் நம் கல்யாணச் செம்பு. முடிகிறது. சிந்தாமல் ஊற்றினேன். பாதியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாடி கை பெருசா இருக்கும் இல்ல என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

செம்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டாம். மலையைப் பார்க்க வாருங்கள். வந்த இடத்தில் கை சும்மாதானே இருக்கும்.

என்றும் உங்கள்,
மரகதம்