பூனைக்குக் கட்டம் இல்லாத இதயப்புழு அட்டை

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
தையற்கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: எங்கள் பூனைக்கு இதயப்புழுத் தடுப்பு மருந்து கிடைக்காததும், நகராட்சிக் கால்நடை மருத்துவமனை வாளிகளில் கொசு வளர்வதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததை உள்ளது உள்ளபடி பதிவு செய்கிறேன். எனக்குப் பாதகமானதையும் மறைக்கமாட்டேன்.

1. எங்கள் நாய் மேஸ்திரிக்கு இதயப்புழு நோய். கொசுக்கடி வழியே உடலில் நுழையும் புழு இதயத்தருகே வளரும் என்பதை, அது இருமத் தொடங்கிய பிறகுதான் படித்தேன். மாதந்தோறும் தரவேண்டிய தடுப்பு மாத்திரையைப் பரீட்சை மும்முரத்தில் மூன்று மாதம் மறந்தது நான்தான். இப்போது சிகிச்சை நடக்கிறது. ஓடக் கூடாது என்பதால், தெருவில் போகிறவர்களைப் படுத்தபடியே விசாரிக்கிறது.

2. எங்கள் பூனை துரைக்கு நோய் இல்லை. வந்துவிட்டால் அந்தப் புழுவைக் கொல்லப் பூனைகளுக்குப் பாதுகாப்பான மருந்து கிடையாது, தடுப்பதுதான் வழி என்று அந்த மருத்துவமனை டாக்டரம்மா சொன்னார். பிடரியில் விடும் சொட்டு மருந்துக்குச் சீட்டும் எழுதினார்.

3. மருந்து அறையில் மருந்து கொடுக்கும் அண்ணன், அதைப் பதிவதற்கான இதயப்புழு அட்டையை எடுத்தார். அதில் 'நாயின் பெயர்' என்று மட்டுமே அச்சிட்டிருந்தது.

"பூனைக்குக் கட்டமே இல்லம்மா. அட்டையில பதியாம சொட்டு மருந்து தர முடியாது. நாய்னு போட்டுக்கட்டுமா? நாய் மாத்திரை தந்துடறேன்" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் நாய் மாத்திரை கூடாது என்று சீட்டில் அடிக்கோடிட்டிருக்கிறது. தவிர, துரையும் அதற்குச் சம்மதிக்கும் என்று தோன்றவில்லை.

"அப்ப கட்டம் வர்ற வரைக்கும் கொசு கடிக்காமப் பாத்துக்க" என்றார்.

4. பார்த்துக்கொள்ள முயன்றேன். 'கொசுவை ஒழிப்போம், இதயப்புழுவைத் தடுப்போம்' என்ற மருத்துவமனைப் பலகைக்கு நேர் கீழே ஆறு சிவப்பு வாளிகளில் தண்ணீர் நிற்கிறது. முதல் வாளியில் நாற்பத்து மூன்று கொசுப்புழுக்களை எண்ணினேன். அவை நெளிந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். கொட்டிவிடலாமா என்று துப்புரவு அக்காவைக் கேட்டேன்.

"ஐயோ, அது தீப்பிடிச்சா அணைக்கிற வாளி! காலியா இருந்தா எனக்குத்தான் மெமோ. கொசுன்னா சுகாதாரப் பிரிவுல போய்ச் சொல்லு."

சுகாதாரப் பிரிவில், மருத்துவமனை வளாகம் தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். இந்த எல்லை கொசுக்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, வாளிகளுக்கு மூடி போடவும், அட்டையில் 'நாய்' பக்கத்தில் 'பூனை' என்று பேனாவால் எழுதிக்கொள்ளவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். அச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். எல்லா அட்டைகளிலும் நானே எழுதித் தருகிறேன். மேஸ்திரி விஷயத்தில் தாமதித்தது நான். துரைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

இடம்: கால்நடை மருத்துவமனை, மருந்து அறை எதிரிலுள்ள பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை, மாலை

தங்கள் உண்மையுள்ள,
துரையின் பொறுப்பாளர் (மேஸ்திரிக்கும்)

குறிப்பு: அந்தச் சொட்டு மருந்து எதிரே கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பதினொரு பெட்டிகள், இங்கிருந்தே எண்ண முடிந்தது. துரை என் பக்கத்தில் கூடையில் இருக்கிறது; கொசு நுழையாதபடி கூடையை என் துண்டால் மூடியிருக்கிறேன். இப்போது மருந்து அறையைப் பூட்டி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.